அளவுக்கு வந்த விரல்

அளவு வளையங்கள் கோத்த கொத்தை வைத்துக்கொண்டு கடைப்பெண் என் விரலில் ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றுகிறாள், பதிமூன்று, பதினாலு, ஒவ்வொன்றும் கணுவில் முட்டி நிற்கிறது, முட்டினதும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்க்கிறாள், விரல் அத்தையுடையது மாதிரி. 'பிள்ள பெத்த உடம்பு, கொஞ்சம் ஊதியிருக்கு, ஒரு சைசு கொறச்சுப் போடு' என்று அத்தை சொல்கிறாள். வாயில் நான் அவளை நீங்க என்பேன், வாங்க அத்தே, சாப்பிடுங்க அத்தே, மனசுக்குள் கல்யாணமான மூன்றாம் நாளிலிருந்து அவள்தான், நீதான், அது அவளுக்குத் தெரியாது, தெரிந்தால் மனசையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாள். என்னை இங்கே கூட்டி வந்ததே இந்த விரலுக்காக. கொழுந்தன் ராஜதுரைக்கு ஆவணியில் நிச்சயதார்த்தம். 'கீர்த்தனா விரலும் மதினி விரலும் ஒண்ணுபோலம்மா, மதினிய கூட்டிட்டுப் போனா அளவு சரியா இருக்கும்' என்று போன வாரம் சோற்றுத் தட்டில் கையை வைத்தபடி சொன்னான். என் விரலை எப்போது பார்த்தான் என்று யோசித்தேன். சோறு வைக்கும்போது பார்த்திருப்பான். தட்டுக்கு மேலே விரல்தானே தெரியும், முகம் யாருக்குத் தெரியும். மடியில் தேன்மொழி கால் உதைக்கிறாள், பத்து மாசம், கண்ணாடிப் பெட்டியை அடித்து அடித்து எச்சில் கையால் கோலம் போடுகிறாள், 'பிள்ளையப் புடிட்டீ' என்கிறாள் அத்தை, ஒரு கை கடைப்பெண்ணிடம் இருக்கிறது, இருக்கிற இன்னொரு கையால்தான் பிடித்திருக்கிறேன், மூன்றாவது கை எனக்கு எங்கே முளைக்கும். ராஜதுரை போனை நீட்டி நீட்டிக் கடைக்காரருக்குப் படம் காட்டுகிறான். ஒரு மோதிரம். தங்கக் கம்பி வளைந்து வந்து இரண்டு முனையும் சேராமல் நிற்கிறது, நடுவில் வைரம், அடியில் ஒன்றுமில்லை, கொக்கி இல்லை, கிண்ணம் இல்லை, விரலின் தோல்தான் தெரிகிறது. 'எப்பிடிண்ணே நிக்கிது இது, விழாதா?' என்று அத்தை கேட்கிறாள். 'ரெண்டு பக்கமும் நெரிச்சுப் புடிச்சிருக்கும்மா, அந்த நெரிசல்லதான் நிக்கிது, நம்ம ஊருல யாரும் கேட்டதில்ல.' யாரும் கேட்டதில்லை என்றதும் ராஜதுரைக்கு முகமெல்லாம் பல். கீர்த்தனா அனுப்பிய படமாம். அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை, போனில் பார்த்ததுதான், கழுத்தைச் சாய்த்துச் சிரிக்கிறாள், அடியில் ஒன்றுமில்லாத மோதிரம் வேண்டுமாம், அடியில் எல்லாம் இருக்கிறவளுக்குத்தான் அப்படி ஆசை வரும்.

கல் என்னுடையது. இதை நான் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. 'புதுசா எதுக்கு வாங்கணும், பீரோவுல ஒரு ஒத்தக்கல் சும்மாதான கெடக்கு, பிள்ளைக்காரி மூக்குத்தி போட்டா பிள்ள இழுத்து மூக்கக் கிழிச்சிரும்' என்று அத்தை சொன்னபோது நான் அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்தேன், கடுகு வெடிக்கிற சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன், நன்றாகக் கேட்டது. அவரிடம் சொன்னேன், என் வீட்டுக்காரர் தனுஷ்கோடியிடம், கடையைப் பூட்டிவிட்டு வந்து கை கழுவும்போது, 'அது எங்கப்பா போட்டது' என்றேன். 'அம்மா எடுத்துக்கிட்டா உனக்கு வேற செய்யாமலா இருப்பாக' என்றார். துண்டில் கையைத் துடைத்தார். அவ்வளவுதான். தேன்மொழி பிறந்த எட்டாம் நாள் தீட்டுக் கழிக்கிறபோது அத்தை அதைக் கழற்றினாள், திருகு இறுகிப்போயிருந்தது, எண்ணெய் விட்டுத் திருகினாள், கண்ணில் தண்ணீர் வந்தது, 'ஒரு மூக்குத்தி கழட்ட இவ்வளவு அழுகையா' என்று சொல்லிச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். அன்றிலிருந்து அந்த ஓட்டையில் வேப்பங்குச்சி. தூர்ந்துவிடக் கூடாதென்று வாரம் ஒரு தடவை புதுக்குச்சி ஒடித்துச் செருகுகிறேன், குளிக்கும்போது கசப்பு இறங்கி உதட்டுக்கு வரும், கசப்பு வருகிற நாளெல்லாம் ஓட்டை திறந்திருக்கிறது என்று அர்த்தம். போன மாசம் குச்சி விழுந்ததை இரண்டு நாள் கவனிக்கவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல், மூன்றாம் நாள் குச்சி உள்ளே போகவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு குத்தினேன், இரத்தம் வந்தது, இரத்தம் வந்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது. இப்போது இந்தக் கண்ணாடியில் என் மூக்கு மட்டும் தெரிகிறது. தோடு போட்டுப் பார்க்கிறவர்களுக்காகச் சாய்த்து வைத்த கண்ணாடி, அதில் மூக்கும் அந்தக் குச்சியும், சுவரில் அடித்த ஆணி மாதிரி, எதையோ மாட்ட அடித்து ஒன்றும் மாட்டாமல் விட்ட ஆணி. கடைப்பெண்ணின் மூக்கில் சின்னதாக ஒரு கல். அவள் என் விரலில் சோப்புத் தண்ணீர் தடவுகிறாள். 'பதினஞ்சு' என்கிறாள். 'அப்ப பதினாலு போடு' என்கிறாள் அத்தை. 'கீர்த்தனாவுக்கு ஒல்லி விரல்தான்க்கா' என்று கடைப்பெண்ணிடம் சொல்கிறான் ராஜதுரை. அப்புறம் எதற்கு என் விரல், அட அறிவு கெட்டவனே. இதைச் சொல்லவில்லை. தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது, எனக்குள் இப்படி உட்கார்ந்திருப்பது எத்தனையோ, ஒரு சந்தைக் கூட்டம் இருக்கும்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆசாரி என் மூக்குத்தியைப் பிரிக்கிறார். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, ஊசி மாதிரி எதையோ வைத்துப் பின்பக்கத்துத் தகட்டை நெம்புகிறார், சின்னச் சின்ன நெம்பல், ஒவ்வொரு நெம்பலுக்கும் எனக்குப் பல் கூசுகிறது. அப்பா கல்யாணத்துக்கு முந்தின சித்திரையில் அதைக் கொண்டுவந்தார், கொத்தமல்லி விதை அளவு கல், தாளில் மடித்து, தாளுக்கு மேல் மஞ்சள் துணி. அப்பா தீப்பெட்டி ஆபீசில் பண்டல் ஏற்றுகிறவர், நானும் எட்டாம் வகுப்போடு நின்று அங்கேதான் பெட்டி ஒட்டினேன், விரல் நுனியில் பசை காய்ந்து காய்ந்து தோல் வெள்ளையாகிவிட்டது, இன்னும் போகவில்லை, அந்த விரலைத்தான் இப்போது சோப்புப் போட்டு அளக்கிறார்கள். எப்படி வாங்கினார் என்று நாங்கள் கேட்கவில்லை. வைரம் என்றால் உடனே போடக் கூடாது, மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும், யாருக்காவது உடம்புக்கு வந்தாலோ, கீழே விழுந்தாலோ, கெட்ட சேதி வந்தாலோ கல் ஒத்துக்கவில்லை என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், கடைக்காரனும் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொள்வான். அம்மா அரிசிப் பானைக்குள் வைத்தாள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் யாருமில்லாதபோது எடுத்து மூக்கில் வைத்து முகம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்தேன், அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டார், நான் வெட்கப்பட்டுக் கையை மூடிக்கொண்டேன், அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்று பொழுது சாய வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டவில்லை. அப்புறமும் கட்டவில்லை. வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு நடக்கிற அப்பாவை அந்த ஒரு வாரம்தான் நான் பார்த்தேன். மறுநாள் துணி துவைக்கும்போது அந்த வேட்டியின் முழங்கால் இடத்தில் உள்பக்கம் இரத்தம், மணல், தோல்கூட ஒட்டியிருந்தது. வண்டி சறுக்கியிருக்கிறது. அம்மா கேட்டாள், 'மூணு நாள் ஆச்சே, ஒத்துக்கிச்சா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?' 'எனக்கு என்ன, ஒத்துக்கிச்சு' என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல். நான் அந்த வேட்டியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, அம்மா சேலைக்குப் பின்னால் கொடியில் காயப்போட்டேன். அதைப் பற்றி நானும் அப்பாவும் இன்றுவரை பேசினதில்லை. கல் தள்ளியதா, மணல் தள்ளியதா. நான் பார்த்ததால் தள்ளியதா. தேன்மொழிக்குக் காய்ச்சல் வந்தபோது அதைத்தான் நினைத்தேன், ஆனால் அப்போது கல் என் மூக்கில் இல்லையே, அத்தையின் பீரோவில் இருந்ததே, அப்படியானால் கல் இல்லை, அப்படியானால் பீரோவில் இருந்தாலும் வீட்டில்தானே இருந்தது, இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தால் விடிந்துவிடும், இடுப்பில் ஈரம், பிள்ளை மூத்திரம் போய்விட்டாள், ஏசியில் சில்லென்று இறங்குகிறது, எழுந்தால் நாற்காலி தெரியும், எழக் கூடாது.

ஆசாரி வெளியே வருகிறார். ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருக்கிறார். வெள்ளைத் தாளில் கல் தனியாக, தங்கம் தனியாக. பிரித்த பிறகு கல் எவ்வளவு சின்னது, மூக்கில் இருந்தபோது முகம் முழுக்க இருந்தது. 'தம்பி, இந்த மாடல் இதுக்குச் சரிப்படாது' என்கிறார், 'உள்ள விரிசலா ஒரு கீத்து ஓடுது, பின்னால தகடு வெச்சு மூடிக் கட்டியிருந்ததால தெரியல. ரெண்டு பக்கமும் நெரிச்சா பொட்டுன்னு தெறிச்சிரும்.' எனக்குச் சிரிப்பு வருகிறது, உதட்டைக் கடித்துக்கொள்கிறேன், நெரித்தால் தெறிக்குமாம், இதற்கு லென்ஸ் வேண்டுமா. ராஜதுரை முகம் தொங்குகிறது. 'வேற வழியே இல்லையாண்ணே?' 'நாலு கொக்கி வெச்சுக் கட்டலாம், சாதாவா.' 'சாதாவே கட்டுங்க' என்று அத்தை முடிக்கிறாள், 'அவ போன்ல ஆயிரம் படம் அனுப்புவா, கல்லு ஒண்ணுதான. மோதிரம்னா மோதிரம்.' போகட்டும் என்று விட்டுவிடுவார்கள் என ஒரு நிமிஷம் நினைத்தேனே, அந்த நினைப்பை எடுத்து நானே என் கன்னத்தில் அறைய வேண்டும். இவளா விடுவாள். புழுங்கல் அரிசி வடித்த கஞ்சியைக்கூடச் சாக்கடையில் ஊற்ற விடமாட்டாள். ஆசாரி போகவில்லை, தாளை வைத்துக்கொண்டு நிற்கிறார். 'கட்டுறதுல ஒண்ணுமில்ல ஆத்தா. நிச்சயத்துக்குப் போடுத கல்லு, அதான் கேக்கேன். கீத்து ஓடுத கல்லு சிலருக்கு ஆகாது. வாங்குனப்ப வெச்சுப் பாத்தாகளா, ஒத்துக்கிச்சா?' 'அதெல்லாம் அவுக வீட்டுல பாத்துத்தான் போட்டாக' என்கிறாள் அத்தை. 'யாரு வீட்டுல?' அப்போதுதான் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். கடைக்காரர், கடைப்பெண், ஆசாரி. ஆசாரி கண் என் மூக்குக்குப் போகிறது, குச்சியில் நிற்கிறது, தாளில் இருக்கிற கல்லுக்கு வருகிறது, மறுபடி குச்சி. அவருக்குப் புரிந்துவிட்டது. 'மதினிகிட்டயா கேக்கீக' என்று சிரிக்கிறான் ராஜதுரை, 'மதினி பேசி நான் கேட்டதே பொண்ணு பாக்க வந்தன்னைக்கு காப்பி எடுத்துக்கோங்கன்னு சொன்னதுதான்.' 'அவ பேச மாட்டா, தலைய ஆட்டுவா, அது போதும்' என்கிறாள் அத்தை. 'ஒத்துக்கிச்சுன்னு சொல்லுட்டீ, நேரமாவுது.' என் தலை ஆடத் தொடங்குகிறது. நான் ஆட்டவில்லை, அது பழக்கத்தில் தானாக ஆடும், மூன்று வருஷமாக யார் எதைச் சொன்னாலும் ஆடின தலை, மேலிருந்து கீழே வரப் பாதி வழி வந்துவிட்டது. கீழே போனால் கல் போய்விடும். நிச்சயத்தில் அந்தப் பெண் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு விரலை நீட்டுவாள், நான் தாம்பாளம் தூக்கிக்கொண்டு நிற்பேன், குச்சியை எடுத்து எறிவேன், ஒரு வாரத்தில் தூர்ந்துவிடும், தேன்மொழி பெரியவளாகி இதென்னம்மா மூக்கில் தழும்பு என்று கேட்பாள். ஒத்துக்கவில்லை என்று சொன்னால். சொன்னால் மூன்று வருஷத்துக் கெட்டதெல்லாம் என் தலையில் ஏறும், மாமாவுக்குச் சர்க்கரை வந்தது, அத்தை வழுக்கி விழுந்து கை ஒடிந்தது, எல்லாம். அப்பாவுக்கு இன்று சாயங்காலமே போன் போகும். அப்பா மூடி வைத்ததை நான் நடுக்கடையில் அவிழ்ப்பேன். அவர் எனக்குக் கொடுக்கத்தான் ஒத்துக்கிச்சு என்றார். எனக்கு அது இருக்க வேண்டுமென்றால் நான் மாற்றிச் சொல்ல வேண்டும். நாக்கில் வேப்பங்குச்சிக் கசப்பு. குளிக்கவே இல்லை, எங்கிருந்து இறங்குகிறது.

'ஒத்துக்கல.' யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்திருப்பேன். 'என்னது?' 'ஒத்துக்கல அத்தே. ரெண்டாம் நாளே எங்கப்பா வண்டியிலருந்து விழுந்துட்டாரு. முழங்காலு பேந்துபோச்சு. சொல்லாம மறைச்சிட்டாரு.' இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை, பேசி முடித்த பிறகும் வாய் திறந்தபடியே இருக்கிறது. தாளுக்குப் பக்கத்தில் இருந்த கையை ராஜதுரை இழுத்துக்கொள்கிறான், கால்சட்டையில் துடைக்கிறான், ஐயோ, படித்தவன். 'எனக்கு இது வேண்டாம்மா, கீர்த்தனா வீட்டுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான், அவுகம்மா ராகு காலத்துல போன்கூட எடுக்காது.' அத்தை என்னைப் பார்க்கிறாள். முதல் தடவையாகப் பார்க்கிறாள், விரல் இல்லை, இடுப்பு இல்லை, முகம். 'அப்ப தெரிஞ்சேதான் அதை மூக்குல மாட்டிக்கிட்டு என் வீட்டு வாசப்படி மிதிச்சியாடி? அவுகளுக்குச் சர்க்கரை வந்தது இதனாலயா? என் கை ஒடிஞ்சது இதனாலயா? மொதப் பிள்ள பொட்டப்பிள்ளையாப் போனது...' கடைக்காரர் 'ஆத்தா, மெதுவா, மெதுவா' என்கிறார், நகைக்கடையில் இந்தப் பேச்சு அவருக்கு நல்லதில்லை. 'உங்கப்பன நான் பேசிக்கிறேன். பிள்ளையக் குடு. குடுட்டீ. அந்தக் கல்லுகிட்ட என் பேத்திய வெச்சுக்காத.' மடியிலிருந்து தேன்மொழியைப் பிடுங்குகிறாள். பொட்டப்பிள்ளை என்று சொல்லி மூச்சு விடவில்லை, அதற்குள் என் பேத்தி. ஈரச் சட்டையோடு பிள்ளை காற்றில் தொங்கிக் காலை உதைக்கிறாள், ஒரு கையால் என் முந்தியைப் பிடித்திருக்கிறாள், விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, ராஜதுரையையும் கூட்டிக்கொண்டு அத்தை வெளியே போகிறாள். போகிறபோது சொல்கிறாள், 'அதை அங்கனயே விட்டுட்டு வா. வீட்டுக்குள்ள வரக் கூடாது.' மடி காலியாகிவிட்டது. மடி மட்டும்தான் சூடாக, நனைந்து. இதை நான் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் யோசித்தேன், சர்க்கரை, கை, அப்பா, பிள்ளையை எடுத்துக்கொண்டு போவாள் என்று யோசிக்கவில்லை. ஓடு, பின்னாலேயே ஓடு, ஐயோ அத்தே பொய்தான் சொன்னேன் என்று காலில் விழு, கால் அதற்குத் தயாராகத்தான் இருக்கிறது, மூன்று வருஷம் விழுந்த பழக்கம். தாளில் கல் கிடக்கிறது. யாரும் தொடவில்லை. மூன்று பேர் நிற்கிறார்கள், மூன்று பேருக்கும் நடுவில் ஒரு கொத்தமல்லி விதை, இவ்வளவு பயம். இவ்வளவு நாள் இதைப் பூட்டிவைத்தவர்கள் இனிமேல் வைக்க மாட்டார்கள். இப்போது இதை எடுக்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

'திரும்ப அதுலயே வெச்சுக் குடுங்கண்ணே' என்கிறேன். ஆசாரி கொஞ்சம் தயங்குகிறார். 'யம்மா, ஒத்துக்கலன்னு இப்பத்தான சொன்ன?' 'என்னோடதுண்ணே அது.' அவர் தாளோடு உள்ளே போகிறார், தகட்டை மடக்குகிற சத்தம் டிக் டிக்கென்று கேட்கிறது. வெளியே தேன்மொழி அழத் தொடங்கிவிட்டாள். கண்ணாடிக் கதவு, வாய் தெரிகிறது, சத்தம் கொஞ்சமாகத்தான் வருகிறது. பத்து மணிக்குக் குடித்தது, இப்போது பன்னிரண்டு. எனக்கு மார் கட்டிக்கொண்டு வலிக்கிறது, அவள் அழ அழ ரவிக்கை நனைகிறது, அவளுக்கும் எனக்கும் நடுவில் கதவு இல்லாத மாதிரி. அத்தை தோளில் போட்டுத் தட்டுகிறாள். ராஜதுரை வண்டிச் சாவியைக் குலுக்குகிறான். பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நனைத்துக் கொடுக்கிறார்கள், துப்புகிறாள், என் பிள்ளை. ஆசாரி மூக்குத்தியைக் கொண்டுவந்து கண்ணாடிக்கு முன்னால் வைக்கிறார், கையில் கொடுக்கவில்லை. நான் குச்சியைப் பிடுங்குகிறேன். திருகாணிக் கம்பி உள்ளே போக மாட்டேன் என்கிறது, குச்சியைவிடத் தடிமன், கண்ணாடியில் மூக்கு மட்டும் சிவந்து நிற்கிறது, அழுத்துகிறேன், அழுத்துகிறேன், உள்ளே ஏதோ கிழிகிற மாதிரி இருந்து பட்டென்று வழி விடுகிறது. ஒரு சொட்டு இரத்தம். கடைப்பெண் பஞ்சு நீட்டுகிறாள், 'நல்லாருக்குக்கா' என்கிறாள் யாருக்கும் கேட்காமல். கல் எரிகிறது. ஒத்துக்குமோ ஒத்துக்காதோ எனக்குத் தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது, பிள்ளைக்கு முத்தம் கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் பயமாக இருக்கும், அந்தப் பயம் என்னுடையது, அதையும் சேர்த்துத்தான் போட்டுக்கொண்டேன். நாளைக் காலையில் அத்தைக்குக் காப்பி கொடுக்கும்போது எப்போதும்போலக் குனிந்துதான் கொடுப்பேன், குனியும்போது இது அவள் முகத்துக்கு நேரே வரும். அழுகை விக்கலாகிவிட்டது. எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருக்கிறது, நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். பால் என்னிடம்தான் இருக்கிறது. கதவு திறக்கிறது, அத்தை வருகிறாள், கண்ணைத் தரையில் போட்டுக்கொண்டு, பிள்ளையைக் கையெட்டத் தள்ளிப் பிடித்து நீட்டிக்கொண்டு, 'ஏட்டி, பிள்ள பசிக்கு அழுவுது, வா' என்கிறாள், என் மூக்கைப் பார்க்காமல், கதவுக்குப் பக்கத்திலேயே நின்றபடி. நான் எழுந்திருக்கவில்லை. முந்தியை மட்டும் ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் நாலு எட்டு இருக்கிறது. வரட்டும்.